நடுத்தையல் இல்லாத நாலாயிரம் குடைகள்

அனுப்புநர்:
குடைப்பட்டறைக்காரர் மகள்,
(பதினொன்றாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு)
பட்டறைக்கு மேல்மாடி,
குடைக்காரர் சந்து.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
சுங்கத் துறை,
துறைமுகக் கிடங்குக்கு எதிர்க் கட்டடம்.

பொருள்: குடையாகப் புறப்பட்டுக் கம்பியாக வந்து சேர்ந்த சரக்கை விடுவித்தல் மற்றும் குடைக் கம்பி மீதான இறக்குமதித் தீர்வையை மறுபரிசீலனை செய்தல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பரிசோதகர் கிடங்கு முற்றத்தில் விரித்த குடை.
2. அதிலிருந்து பறந்த துணி (இதுவரை மீட்கப்படவில்லை).

மதிப்பிற்குரியவரும் பிறர் சரக்குக்கு மதிப்புப் போடுகிறவருமான ஐயா,

1. எங்கள் பட்டறையின் சார்பில் இந்த மனுவை எழுத வேண்டியவர் என் அப்பா. அவர் இரண்டு முறை எழுதினார். முதல் மனுவில் ‘ஐயா’ என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் அனுப்பத் தகுந்ததாக அம்மாவுக்குப் படவில்லை. இரண்டாவது மனுவில் அந்த ‘ஐயா’வும் இல்லை. தங்கள் அலுவலக மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதுகிறவரைக் கேட்டோம். பாதிக் கதை கேட்டதுமே தனக்குத் தலை சுற்றுவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். ஆகவே, வீட்டில் படிக்கும்படியான கையெழுத்து உள்ள ஒரே ஆள் என்ற தகுதியில் நான் எழுதுகிறேன். வயது பதினாறு. சட்டப்படி என் கையெழுத்து செல்லாது என்பதை அறிவேன். செல்லுகிற கையெழுத்துகள் மனுவின் முடிவில் உள்ளன. அவற்றில் ஒன்று தங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே பழக்கமானது.

2. தங்கள் கிடங்கின் மூன்றாவது கொட்டகையில் எங்கள் நாலாயிரம் குடைகள் முத்திரை வைக்கப்பட்டுக் கிடக்கின்றன. அவை குடைகள்தானா என்பதே பிரச்சினை. மழை தொடங்குவதற்குள் அவை வெளியே வந்தால் பட்டறை ஓடும். வராவிட்டால் மூடும். இதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை. பழைய சாமான் வாங்குகிறவர் போன வாரமே வந்து எங்கள் தையல் மெஷின்களைத் தட்டித் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அப்பா அவரிடம், “மழை முடியட்டும், பாக்கலாம்” என்றார். ஒரு குடைக்காரர் மழை முடியட்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

3. எங்கள் சந்து பற்றித் தாங்கள் அறிய வேண்டும். ஒரு காலத்தில் இதில் இருபக்கமும் குடைப்பட்டறைகள். கம்பி வெளிநாட்டிலிருந்து வரும்; உள்ளூர்க் கம்பி கனம் என்று எங்கள் பட்டறை வாங்கியதில்லை. துணியை நாங்கள் வெட்டி, எட்டுத் துண்டாகத் தைத்து, கம்பிமேல் ஏற்றி, கைப்பிடி மாட்டி விற்போம். எங்கள் பட்டறையில் துணி தைக்கிறவர் தையலக்கா. கைப்பிடி மாட்டுகிறவரைக் ‘கொக்கி’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தொழிலினால் வந்த பெயர்தான். ஆனால் யாராவது பேசிக்கொண்டிருந்தால் நடுவில் வந்து தொற்றிக்கொள்வார் என்பதாலும் அது நிலைத்துவிட்டது. இவர்களைத் தவிர இன்னும் மூன்று பேர். தபால்காரர்கள், சாலையில் போக்குவரத்தைப் பார்க்கிறவர்கள், பள்ளிக்கூடக் காவலாளிகள் என மழையில் நின்றே ஆக வேண்டியவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். நனைந்தால் திரும்பி வந்து சண்டை போடுவார்கள். அதனால் எங்கள் குடை ஒழுகாது.

4. இரண்டு ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டுக் குடைக் கம்பிக்கு நூற்றுக்குப் பத்தாக இருந்த தீர்வையை அரசு நூற்றுக்கு அறுபதாக உயர்த்தியது. உள்நாட்டுக் கம்பித் தொழிலைக் காப்பாற்றுவதற்காக என்று அறிவிப்பில் இருந்தது. உள்நாட்டுக் கம்பித் தொழில் என்பது பின் தெருவில் இருக்கிறது. அது என் மாமா. அம்மாவின் சொந்தத் தம்பி. நாட்டிலேயே குடைக் கம்பி செய்கிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், அரசு காப்பாற்ற நினைத்ததெல்லாம் எங்கள் மாமாவை மட்டும்தான். குடும்பத்தில் ஒருவருக்காக அரசு இவ்வளவு மெனக்கெட்டதை நினைத்து நாங்கள் பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

5. அறிவிப்பில் மாமாவின் தொழிற்சாலை ‘குழந்தைப் பருவத் தொழில்’ என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அந்தக் குழந்தைக்கு அப்போது வயது இருபத்தாறு. இருந்தாலும் மாமாவின் பக்கத்து நியாயத்தையும் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனுவில் பொய் எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். இன்று பெரிய பணக்காரர்களாக உட்கார்ந்திருக்கும் நாடுகளில் பல, சின்ன வயதில் வரிச்சுவருக்குள் வளர்ந்தவைதான் என்று எங்கள் பொருளாதார ஆசிரியை சொன்னார். எத்தனை வயதில் சுவரை விட்டு வெளியே வர வேண்டும் என்று கேட்டேன். அது அடுத்த ஆண்டுப் பாடம் என்றார்.

6. மாமா உற்சாகமாகப் புது மெஷின் வாங்கினார், பன்னிரண்டு ஆட்களை வேலைக்கு எடுத்தார். அடுத்த வாரமே கம்பி விலையையும் ஏற்றினார். வெளிநாட்டுக் கம்பி தீர்வையோடு வந்து நிற்கும் விலைக்கு ஒரு படி கீழே நிறுத்தினார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஏனென்றால் இரும்பாலைக்காரர்களும் தங்களிடம் மனுப் போட்டிருந்தார்கள். மாமா வாங்குகிற இரும்புக் கம்பிச் சுருளுக்கும் தீர்வை ஏறியிருந்தது. மாமா குழந்தை என்றால் இரும்பாலை அதைவிடப் பெரிய குழந்தை. இரண்டு குழந்தைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிற பொறுப்பு எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் யாருமே பார்க்காமல் விட்ட ஒரு விஷயம்: முழுக் குடைக்கான தீர்வை ஏறாமல் பழைய பதினைந்திலேயே நின்றது. அதாவது, கம்பி வாங்கி இங்கே குடை செய்தால் அறுபது. வெளிநாட்டில் செய்து முடித்த குடையை அப்படியே இறக்கினால் பதினைந்து. சந்தில் பதினோரு பட்டறைகள் இருந்தன. ஏழு பேர் மெஷினை விற்றுவிட்டு, வெளிநாட்டுக் குடையை அடுக்கிவைத்து விற்கிற கடைக்காரர்கள் ஆனார்கள். அந்தக் குடை மேகத்தைப் பார்த்தாலே ஈரமாகிவிடும். தொழிலைக் காக்கும் வரிக்குக் காப்பு வரி என்று பெயர் வைத்தது சரிதான் என்று கொக்கி சொன்னார். போலீஸ்காரர் கைக்கு மாட்டுகிற காப்பு.

7. என்மேல் பள்ளியிலும் சந்திலும் சில புகார்கள் இருப்பது தங்கள் விசாரணையில் தெரியவரலாம். அவற்றில் ஒன்று இந்த மனுவுக்குத் தொடர்புடையது என்பதால் நானே முன்வந்து தெரிவிக்கிறேன்.

வரிகளின் வரலாறு பற்றிச் செயல்முறைப் பாடம் செய்து வரும்படி ஆசிரியை சொன்னார். எல்லோரும் அட்டையில் படம் ஒட்டினார்கள். நான் ஒரு பலகையில் ‘சந்து நுழைவு வரி, உள்ளே வரும் சாமான் பை ஒவ்வொன்றுக்கும்’ என்று எழுதி, கீழே ஒரு தகர டப்பாவோடு சந்தின் முனையில் மாட்டிவிட்டு மாடி ஜன்னலில் உட்கார்ந்துகொண்டேன். இதை யார் போட்டது, எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் டீக்கடைக்காரர் வந்து, தினமும் பால் கொண்டுவருவதால் தனக்கு விலக்கு வேண்டும் என்றார். சைக்கிள் கடைக்காரர் இன்னும் நுட்பமானவர். வரியை இரண்டு மடங்காக்கலாம் என்றும், ஆனால் பக்கத்துச் சந்திலிருந்து வரும் சைக்கிள் சாமானுக்கு மட்டும் போட்டால் போதும் என்றும் யோசனை சொன்னார். சாயங்காலம் பக்கத்துச் சந்திலும் ஒரு பலகை முளைத்திருந்தது. அதை நான் வைக்கவில்லை.

அம்மா கண்டுபிடித்து, டப்பாவில் விழுந்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். போட்டவர்களைவிடத் திருப்பி வாங்க வந்தவர்கள் அதிகம். எனக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. ஆனால் ராஜாக்கள் காலத்தில் துறைமுகத்திலும் கோட்டை வாசலிலும் ஆள் நிறுத்தியதிலிருந்து இன்றுவரையான வரலாறு முழுவதையும் நான் ஒரே நாளில் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டேன்.

8. மீதி வரலாற்றைப் புத்தகத்தில் படித்தேன். சுருக்கமாகச் சமர்ப்பிக்கிறேன். ஒரு நாட்டில் நிலக்காரர்கள் வெளிநாட்டுத் தானியம் மலிவாக உள்ளே வரக் கூடாது என்று சட்டம் வாங்கினார்கள். ரொட்டி விலை ஏறியது. அந்தச் சட்டத்தை எடுக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அறுபது ஆண்டுகளுக்கு முன், ஒரு பெருங்கடலின் இரு கரையிலும் உள்ள நாடுகள் கோழிக்கறிக்காகச் சண்டை போட்டன. ஒரு கரை கோழிக்கு வரி போட்டது, பதிலுக்கு மறு கரை சின்ன லாரிக்கு வரி போட்டது. கோழிச் சண்டை யாருக்கும் ஞாபகம் இல்லை. லாரி வரி இன்னும் இருக்கிறது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் இன்னொரு நாட்டில் எல்லாச் சாமானுக்கும் தீர்வையை உயர்த்தப் போனபோது, வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். உயர்த்தினார்கள். மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தின. கப்பல்கள் பாதி காலியாக ஓடின. ஆயிரம் அறிஞர்களின் மனுவுக்கே அந்தக் கதி. எங்கள் மனுவில் அறிஞர் ஒருவர்கூட இல்லை என்பதால் தாங்கள் தயங்காமல் படிக்கலாம்.

9. பதில் வரி என்பது என்னவென்று புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, வீட்டிலேயே நடந்தது. தீர்வை வந்த மாதம் முதல் அப்பா மாமாவோடு பேசுவதை நிறுத்தினார். மாமா சரக்கு ஏற்ற எங்களுக்குத் தருகிற வேனை நிறுத்தினார். அதற்குப் பதிலாக அம்மா மாமா வீட்டுக்கு அனுப்புகிற ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை நிறுத்தினார். வேன் நின்றதால் அம்மாவே துணிக்கட்டை பஸ்ஸில் தூக்கி வந்தார். சாப்பாடு நின்றதால் அத்தை மாமாவுக்குச் சமைக்க வேண்டியதாயிற்று. அத்தைக்குச் சமைக்கப் பிடிக்காது. கடைசியில் சண்டை போட்ட இரண்டு ஆண்களும் நலமாக இருந்தார்கள். வரியைக் கட்டியது இரண்டு பெண்கள்.

10. இப்போது வழக்கின் மையத்துக்கு வருகிறேன். ஒருநாள் சாப்பிடும்போது அப்பா கணக்குப் பார்த்துத் தலையில் கை வைத்தார். நான் வழக்கம்போல், “கம்பிக்குத்தானே அறுபது? குடையாவே இறக்கி, துணியக் கிழிச்சுப் போட்டுட்டு கம்பிய எடுத்துக்கலாமே” என்றேன். பதினாறு ஆண்டுகளாக நான் சொன்ன நகைச்சுவைகளில் அப்பா சிரிக்காதது அது ஒன்றுதான். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய்க் கணக்குப் போட்டார். கணக்கு சரியாக வந்தது.

ஆகவே எங்கள் பட்டறை, குடை செய்வதற்காகக் குடை இறக்குமதி செய்யத் தொடங்கியது. காலையில் எல்லோரும் உட்கார்ந்து வந்த குடையைப் பிரிப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் அதே கம்பியில் நல்ல துணி ஏற்றிக் குடை செய்வார்கள். யாராவது நடுவில் எட்டிப் பார்த்தால், இவர்கள் செய்கிறார்களா அழிக்கிறார்களா என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எங்களுக்கும் சில சமயம் தெரியாது. கழித்த துணி மலையாகக் குவிந்தது. வேண்டியவர் எடுத்துப் போகட்டும் என்று வாசலில் வைத்தோம். சந்தில் இப்போது எல்லா சைக்கிள் சீட்டும் கறுப்புத் தொப்பி போட்டிருக்கிறது.

இது சட்டத்துக்கு விரோதமல்ல என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன். குடை என்று சொன்னோம், குடைதான் வந்தது, குடைக்கான தீர்வை கட்டினோம். வீட்டுக்குக் கொண்டுவந்த குடையை ஒருவர் கிழிப்பது அவர் சொந்த விஷயம். இரண்டு முறை சரக்கு இப்படியே சிக்கலின்றி வந்தது.

11. மூன்றாம் முறை தவறு நடந்தது. அதற்குக் காரணம் பேராசையல்ல, இரக்கம். இதைத் தாங்கள் தயவுசெய்து அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

குடையில் துணி மூன்று இடத்தில் நிற்கும். உச்சியில் மூடி, ஓரத்தில் முனைக்கட்டு, ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் ஒரு சின்னத் தையல். அந்த நடுத்தையல்தான் காற்றில் துணியைப் பிடித்து வைப்பது. வெளியே தெரியாது. பிரிக்கும்போது அது நகத்தைக் கிழிக்கும். தையலக்காவின் விரல்களில் துணி சுற்றியிருப்பதை அப்பா பார்த்தார். பார்த்துவிட்டுச் சரக்கு அனுப்புகிறவருக்கு, ‘எப்படியும் நாங்கள் பிரிக்கப் போகிறோம், பிரிப்பவர் கை கிழிகிறது. அடுத்த முறை நடுத்தையல் போடாமல் அனுப்பவும்’ என்று எழுதினார். அனுப்புகிறவரும் அப்பாவைப் போலவே நல்லவர். நடுத்தையலை விட்டார். முனைக்கட்டையும் இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டார். மூடியையும் பாதி மட்டும் திருகினார். கூடவே, ‘உங்கள் தொழிலாளர்களின் கைகள் விரைவில் குணமாகட்டும்’ என்று வாழ்த்தும் வைத்திருந்தார்.

12. அன்று கிடங்கு முற்றத்தில் நல்ல காற்று. தங்கள் பரிசோதகர் மிகவும் மரியாதையான மனிதர் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். பெட்டியைத் திறந்து, ஒரு குடையை எடுத்து, நடு முற்றத்தில் நின்று விரித்தார். விரிந்தது. அடுத்த நொடி துணி மட்டும் மேலே போயிற்று. கிடங்குக் கூரையைத் தாண்டியது, கிரேனைத் தாண்டியது, பிறகு எங்களுக்குத் தெரியவில்லை. பரிசோதகர் எட்டுக் கம்பிகளைத் தலைக்கு மேல் பிடித்தபடி அப்படியே நின்றார். அங்கே இருந்த சுமைதூக்குவோர் யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அதற்காக மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் இரண்டாவதை விரித்தார். அதுவும் போயிற்று. மூன்றாவதை விரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, இது என்ன என்று அமைதியாகக் கேட்டார்.

ஐயா, அந்த இடத்தில் அப்பா ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ‘குடை’ என்று. பட்டறையே அந்தச் சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பின்னால் நின்று அவர் சட்டையைக்கூட இழுத்தேன். ஆனால் அவர் சிறு வயதிலிருந்தே குடை செய்கிறவர். நடுத்தையல் விட்டுப்போன குடையைக் கடைக்கு அனுப்பியதற்காக ஒருமுறை சொந்த அண்ணனையே பட்டறையை விட்டு வெளியே போகச் சொன்னவர். அவர் சொன்னது இது:

“நடுத்தையல் இல்லாதத நான் குடைன்னு சொல்ல மாட்டேன் சார்.”

பரிசோதகர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இறக்குமதியாளரே ஒப்புக்கொண்டபடி இது குடை அல்ல. ஆகவே கம்பி தனி, அறுபது. துணி தனி, நாற்பது. கட்டும்வரை முத்திரை. அப்பா ஒரு கைவினைக்காரராகப் பதில் சொன்னார், பரிசோதகர் அதை இறக்குமதியாளரின் வாக்குமூலமாக வாங்கிக்கொண்டார் என்பதே என் தாழ்மையான வாதம். கைவினைக்காரரும் இறக்குமதியாளரும் ஒரே ஆள் என்பது எங்கள் துரதிர்ஷ்டம்.

13. மறுநாள் மத்தியானம் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு பின் தெருவுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். இரண்டு ஆண்டுகளில் அம்மா தம்பியின் தொழிற்சாலைக்குள் கால் வைத்தது அன்றுதான். உள்ளே சத்தமே இல்லை. கம்பிக்கட்டுகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களும் ஏற்கெனவே துடைத்த கம்பியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் புது மெஷின் நடுவில் நின்றது. அதன்மேல் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தது. எட்டுத் துண்டுத் துணி. ஓரத்தில் முனைக்கட்டு அறுத்த நூல் தொங்கியது.

அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். “இது எங்க வாசல்ல போட்ட துணிதானேடா?” என்றார்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து, “ஆமாக்கா. கூரை ஒழுகுது. மெஷின் நனையக் கூடாதுன்னு ஆள விட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன்” என்றார்.

“அது நனையும்டா. அதனாலதான் நாங்க தூக்கிப் போட்டோம்.”

பிறகு மாமா தானாகவே சொன்னார், அம்மாவிடம் சொல்வதுபோல் என்னைப் பார்த்து. கம்பி வாங்க ஆள் இருந்தால்தானே கம்பிக்காரன், சந்தில் பட்டறையே இல்லாமல் போனால் தன்னை எதிலிருந்து காப்பாற்றி என்ன பயன் என்றார். முழுக் குடைக்குப் பதினைந்து என்பதைத் தான் மனுப் போட்டபோது பார்க்கவே இல்லை என்றார். தன் சாமானை மட்டும்தான் பார்த்தாராம். எங்கள் சந்தில் பலகை மாட்டிய அன்று சைக்கிள் கடைக்காரர் பார்த்தது போல.

ஆனால் கம்பித் தீர்வையை அடியோடு எடுத்தால் மிச்சமிருக்கும் ஐந்து பேரும் அடுத்த மாதமே வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் மாமா சொன்னார். துடைத்துக்கொண்டிருந்தவர்களின் கை அப்போது நின்றதை நான் பார்த்தேன். ஆகவே இந்த மனுவில் ‘எடுத்துவிடுங்கள்’ என்று எழுத நினைத்திருந்த வரியை அங்கேயே விட்டுவிட்டேன். அம்மா மட்டும், “அப்போ என்ன கேக்கலாம்னு நீயே சொல்லு. சொல்லிட்டு நீயும் கையெழுத்துப் போடு” என்றார். மாமா வெகுநேரம் மெஷின்மேல் கிடந்த துணியை மடித்தார். வட்டமான துணியை மடிப்பது கஷ்டம். மடித்து முடித்துவிட்டு எங்களோடு பட்டறைக்கு வந்தார். அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ஆனால் ஸ்டூலைக் காலால் தள்ளிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அது தீர்வைக் குறைப்பு.

14. ஆகவே, கீழ்க்கண்ட இரண்டில் ஒன்றைச் செய்து தருமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

ஒன்று: தையலக்காவை ஒரு ஸ்டூல், ஊசி, நூல்கண்டு சகிதம் மூன்றாவது கொட்டகைக்குள் அனுமதிக்க வேண்டும். அவர் அங்கேயே உட்கார்ந்து நாலாயிரம் குடைக்கும் நடுத்தையல் போடுவார். அப்போது அப்பாவே அதைக் குடை என்று வாயாரச் சொல்வார். குடைக்கான பதினைந்தைக் கட்டுவோம். பிறகு அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, தையலக்கா தான் போட்ட தையலைத் தானே பிரிப்பார். பிறகு வேறு துணி ஏற்றி, அதே இடத்தில் மறுபடி தைப்பார். ஒரே கம்பியில் இரண்டு முறை தைத்து ஒரு முறை பிரித்தால் உள்நாட்டில் வேலைவாய்ப்புப் பெருகும் என்பதையும் தங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.

அல்லது இரண்டு: கம்பிக்கும் முழுக் குடைக்கும் ஒரே தீர்வை என்று ஆக்கும்படி மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். மாமா வாங்கும் இரும்புச் சுருளையும் அதே வரிசையில் நிறுத்த வேண்டும். எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. ஒன்றாக இருந்தால் போதும் என்று அப்பாவும் மாமாவும் சேர்ந்து சொல்கிறார்கள். அவர்கள் சேர்ந்து சொன்னது இரண்டு ஆண்டுகளில் இது ஒன்றுதான் என்பதால் தாங்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நடக்கும்வரை, இந்தச் சரக்கைக் குடையாகவே கருதி விடுவிக்க வேண்டும்.

தீர்வையை நிர்ணயிப்பது தங்கள் கையில் இல்லை, மேலே எழுதி அனுப்பத்தான் முடியும் என்பதை அறிவோம். எழுதி அனுப்பினாலே போதும். மாமா போன தடவை கேட்டபோது தாங்கள் எழுதி அனுப்பியது எவ்வளவு வேகமாக நடந்தது என்பதை எங்கள் சந்தே பார்த்திருக்கிறது.

மேகம் கூடிவிட்டது. தபால்காரர் நேற்று வந்து எங்கள் வாசலில் நின்று வானத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

இடம்: பட்டறை மாடி, ஜன்னலோரம்.
நாள்: மழைக்கு முந்திய திங்கட்கிழமை.

இப்படிக்கு,
சிரித்ததற்கு மட்டும் வருந்துகிற,
குடைப்பட்டறைக்காரர் மகள்
(என் கையெழுத்து செல்லாது. அழகுக்காக.)

செல்லுகிற கையெழுத்துகள்:

1. குடைப்பட்டறைக்காரர், தீர்வையால் நஷ்டப்பட்டவர்.

2. தையலக்கா. விரல் ஆறாததால் எழுத்து கோணலாக உள்ளது, கையெழுத்து அவருடையதே.

3. கொக்கி. மனுவில் தன் பெயர் இரண்டு இடத்தில் மட்டும் வருவதாக ஆட்சேபித்துக் கையெழுத்திட்டுள்ளார்.

4. பட்டறைக்காரர் மனைவி, கம்பித் தொழிற்சாலைக்காரரின் அக்கா. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து.

5. கம்பித் தொழிற்சாலைக்காரர், தீர்வையால் காப்பாற்றப்பட்டவர். இந்தக் கையெழுத்தில் ஐயமிருந்தால், தீர்வையை உயர்த்தச் சொல்லி இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த மனுவின் அடியில் இருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதே கை. அதே பேனாவும்தான், எங்களுக்கு இரவல் தந்தார்.

இணைப்பு: குடை, ஒன்று. கம்பி மாமாவுடையது, துணி அப்பாவுடையது. இரண்டும் ஒரே குடையில் சேர்ந்தது இதுவே முதல் தடவை. கொஞ்சம் கனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். பரிசோதனை முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் லஞ்சம் என்று ஆகிவிடும் என அம்மா பயப்படுகிறார். ஆனால் அதற்குமுன், அன்று குடை விரித்த அதே பரிசோதகரை, அதே முற்றத்தில், மழையோடு காற்றும் அடிக்கிற ஒரு நாளில் இதை விரிக்கச் சொல்ல வேண்டுகிறோம். அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. நடுத்தையலை அப்பாவே போட்டிருக்கிறார்.